கத்திப்பிடியில் இருந்த பள்ளம்

உங்கள் கண்ணைக் கட்டிவிட்டு, உங்கள் வீட்டில் காய் நறுக்குகிற கத்தியைக் கையில் கொடுத்தால், இது எங்கள் கத்திதான் என்று சொல்லிவிடுவீர்களா?

பாலிஷ்காரரால் முடியாது. மரச்சாமான் பட்டறையில் இருபத்தாறு வருடமாக மேசைக்கும் கட்டிலுக்கும் பளபளப்பு ஏற்றுகிறவர் அவர். ஒரு பலகையைத் தடவிப் பார்த்தே அது என்ன மரம், எத்தனை வெயில் பார்த்த மரம் என்று சொல்லிவிடுவார். ஆனால் சொந்த வீட்டு அடுப்படியில் தினமும் கண்ணில் படுகிற கத்தியை அந்தச் சனிக்கிழமைதான் முதன்முதலாகக் கையில் எடுத்தார். எடுத்தது வினையாகப் போயிற்று.

கத்தி அவர் மனைவியுடையது. அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் கேன்டீனில் காய் வெட்டுகிறவள். அங்கே கொடுக்கிற பிளாஸ்டிக் பிடிக் கத்திகள் அவளுக்கு ஆகாது. ஈரக் கையில் மீன் மாதிரி வழுக்கும் என்பாள். அதனால் ஒன்பது வருடத்துக்கு முன் தன் செலவில் ஒரு மரப்பிடிக் கத்தி வாங்கினாள். பாத்திரக் கடையில் இருபது கத்தியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். கடைக்காரர் பொறுமை போய், "ஏம்மா, கத்தி வாங்க வந்தீங்களா, இல்ல எல்லாத்தோடயும் கை குலுக்க வந்தீங்களா?" என்று கேட்டாராம். இவள் அசரவில்லை. இரும்பு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும், மூன்று ஆணியும் மரத்தோடு மரமாக அமுங்கியிருக்க வேண்டும், விரலை வைத்தால் எங்கேயும் உறுத்தக் கூடாது. இருபத்தொன்றாவது கத்தி அப்படி இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கத்தியைத் தொட்டியில் ஊறப் போட்டதில்லை. வேலை முடிந்த கையோடு கழுவி, துடைத்து, பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். மாதம் ஒரு முறை பிடிக்கு எண்ணெய் தடவுவாள்.

இப்போது கேன்டீனுக்குக் காய் வெட்டுகிற மெஷின் வரப்போகிறது. வெட்டு மேசையில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். மெஷின் வந்தபிறகு ஒருத்தி போதும். மற்ற இருவரையும் பாத்திரம் கழுவுகிற பக்கம் மாற்றிவிடுவார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பியதில்லை. நாள் முழுக்கக் கொதிக்கிற தண்ணீர், நாற்பது லிட்டர் அண்டா. திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் மூன்று பேரும் வெட்டுவதைப் பார்த்து, யார் இருப்பது என்று சொல்லிவிடுவார்.

பாலிஷ்காரருக்கு இது தெரியும். சாப்பிடும்போது அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தார். இன்னொன்றும் காதில் விழுந்திருந்தது. போன வாரம் அடுப்படியில் நின்றுகொண்டு, "அடுத்தவங்க வீட்டு மேசையெல்லாம் முகம் பாக்குற மாதிரி மின்னுது. நம்ம வீட்டு அகப்பையப் பாருங்க, குளிச்சே பத்து வருஷம் ஆன மாதிரி இருக்கு" என்றாள். சும்மா சொன்னதுதான். அவர் மனதில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கைக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். சனிக்கிழமை பட்டறையில் கரண்ட் இல்லை. வேலையில்லாத மனிதர், பாதி டப்பா வார்னிஷ், அடுப்படி நிறைய மரச்சாமான். வேறென்ன நடக்கும்.

முதலில் அகப்பைகள். பிறகு பூரிக்கட்டை. பிறகு காய் நறுக்குகிற பலகை. கடைசியாகக் கத்தி. பிடியின் இடது பக்கத்தில், இரும்பை ஒட்டி, ஒரு பள்ளம் இருந்தது. வழவழப்பாக, கோணலாக, யாரோ கட்டைவிரலால் வெண்ணெயை வழித்தது போல. பாலிஷ்காரருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாவம், இந்தக் கத்தியோடு போய் மேற்பார்வையாளர் முன்னால் நிற்கப் போகிறாளே என்று நினைத்தார். பள்ளத்தின் விளிம்பைத் தேய்த்துத் தணித்தார். மரத்தூளும் பசையும் குழைத்த மக்கை வைத்து அடைத்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டார். மேலே மூன்று கோட்டிங். ஆணி மூன்றையும் தனியாகத் துடைத்தார். அவர் கைக்கு அது சின்ன வேலைதான், ஆனால் எந்த முதலாளியின் மேசைக்கும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதுல வெங்காயம் வெட்ட மனசு வருமாண்ணே? கண்ணாடி அலமாரியில வச்சிருங்க" என்றார். பாலிஷ்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள், ஜன்னலோரம் வரிசையாக அடுக்கியிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க இது, எல்லாத்தையும் குரூப் போட்டோவுக்கு நிக்க வச்சிருக்கீங்க?"

"நீதானே சொன்ன, நம்ம வீட்டு அகப்பை குளிக்கலன்னு."

"சொன்னேன். அதுக்காகக் கல்யாணமே பண்ணி வச்சுட்டீங்களே." சிரித்துக்கொண்டே பலகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "இது மேல வெட்டினா உரிஞ்சு சாப்பாட்டுல விழாதா?"

பாலிஷ்காரர் அதை யோசித்திருக்கவில்லை. "பலகையைத் திரும்ப இழைச்சுடலாம்" என்றார். "அதை விடு. கத்தியப் பாரு."

அவள் கத்தியை எடுத்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. கட்டைவிரல் பிடியின் மேல் போய் எதையோ தேடியது. கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து வெட்டினாள். கத்தி கைக்குள்ளேயே திரும்பிக்கொண்டது. கிழங்கு உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போயிற்று. இன்னொன்றை எடுத்தாள். இந்த முறை இடது கை நகத்தை உரசிக்கொண்டு இரும்பு இறங்கியது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே."

"ஆமா, எலி கடிச்ச மாதிரி. அடைச்சுட்டேன். எங்க இருந்துச்சுன்னு நீயே கண்டுபிடிக்க முடியாது பாரு."

"முடியல" என்றாள்.

சொன்ன விதம் பாலிஷ்காரருக்கு என்னவோ போலிருந்தது. ஏன் என்று கேட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அது தேய்ஞ்ச பள்ளம் இல்லைங்க. நான் சுரண்டினது. கண்ணாடித் துண்டு வச்சு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, ஒரு வாரம் உக்காந்து சுரண்டினது."

வலது கையை நீட்டினாள். கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள். அடி மூட்டு மடங்கியது. நுனி மூட்டு குச்சி மாதிரி நின்றது.

"கேன்டீன்ல காய் வைக்கிற குளிர்ச்சி ரூம் கதவுல அடிபட்டதா சொன்னேனே."

"சின்ன அடின்னு சொன்ன."

"சின்ன அடிதான். மடங்க மாட்டேங்குது, அவ்வளவுதான். மடங்காத விரல வச்சு அழுத்திப் பிடிக்க முடியாது. ஒரு பள்ளம் இருந்தா அதுபாட்டுக்கு உக்காந்துக்கும்."

"எத்தனை நாளா?"

"ஒன்பது மாசம்."

பாலிஷ்காரர் கணக்குப் போட்டார். ஒன்பது மாதமாகத்தான் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொல்லி அவரிடம் நீட்டுகிறாள். ஊறுகாய் பாட்டிலையும்தான். வயதாக ஆகப் பாசம் கூடுகிறது என்று அவர் நினைத்திருந்தார். தையல்காரரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கூட இருந்தார்.

"எனக்காவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? விரலுக்கும் பாலிஷ் போட்டிருப்பீங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு இடமும் இல்லை. "கடை திறந்திருக்கும், புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாம்" என்றார்.

"நாளைக்கு ஓட்டப் பந்தயம், இன்னைக்குப் புதுச் செருப்பா?"

"விரல் இப்படின்னு மேற்பார்வையாளர்கிட்டச் சொல்லிட்டா? நல்ல மனுஷன்னு சொல்வியே."

"நல்ல மனுஷன்தான். உங்க மாதிரியே. கேட்ட உடனே எனக்கு ஒரு நல்லது பண்ணிடுவாரு. வெட்ட வேணாம்மா, நீங்க அண்டா கழுவுங்கன்னு."

பாலிஷ்காரர் எழுந்து தன் கருவிப் பையை எடுத்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். மணி மூன்றரை. இரண்டரை மணி நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும்.

உடைந்த கண்ணாடித் துண்டால் வார்னிஷைச் சுரண்டினார். முந்தின நாள் மூன்று கோட்டிங் போட்டவருக்கு அதை எடுக்கக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. சுருள் சுருளாக வந்தது. பிறகு சின்ன உளியால் மக்கை நோண்டினார். அதுவும் வந்துவிட்டது. அடியில் பள்ளம் இருந்தது, ஆனால் பழைய பள்ளம் இல்லை. விளிம்பைத் தேய்த்துத் தணித்திருந்தாரே, அது போனது போனதுதான். அவள் பிடித்துப் பார்த்தாள்.

"இல்ல. வெளியில தள்ளுது."

"இன்னும் ஆழமா வேணுமா?"

"ஆழமில்ல. சாய்வு. எனக்குச் சொல்லத் தெரியல. அது பாட்டுக்கு வந்த சாய்வு."

அவர் டப்பாவில் மிச்சமிருந்த மக்கை எடுத்து, கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, அதே இடத்தில் அப்பினார்.

"திரும்பவும் அடைக்கிறீங்களா?"

"பிடி. வெங்காயம் வெட்டுற மாதிரி பிடி. அழுத்து."

அவள் பிடித்தாள். விரல் மக்கில் புதைந்தது. எடுத்தபோது ஒரு முழு விரல் அங்கே படுத்திருந்தது. நுனி இடது பக்கம் சாய்ந்து, அடிப்பக்கம் ஆழமாக. பாலிஷ்காரர் அதை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பிறகு அவள் கையை வாங்கி, விரலை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பலகையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பார்வை அது ஒன்றுதான்.

"வலிக்குமா?"

"காலையில வலிக்கும். வெங்காயத்தோட வெங்காயமா அழுதுடுவேன். யாருக்கும் தெரியாது."

பென்சிலால் விளிம்பைக் கோடு போட்டார். ஆழத்தை ஊசியால் குத்திப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார். மக்கை வழித்துவிட்டு மரத்தில் கைவைத்தார். கொஞ்சம் எடுப்பார், கத்தியை நீட்டுவார். அவள் ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் பார்ப்பாள்.

"இன்னும்."

"இப்போ?"

"கீழ கொஞ்சம்."

"இப்போ?"

"ரொம்பப் போயிடுச்சு, மேல கொஞ்சம் எடுங்க."

"எடுத்தத ஒட்ட முடியாது, பாத்துச் சொல்லு."

"நேத்து ஒட்டினீங்களே, அந்தக் கை எங்க போச்சு?"

இப்படியே ஏழு தடவை. எட்டாவது தடவை அவள் கத்தியைத் திருப்பித் தரவில்லை. ஒரு கிழங்கை முழுதாக நறுக்கினாள், அடுத்ததையும் நறுக்கினாள். மூன்றாவதில் சத்தம் சீராக வந்தது. பாலிஷ்காரர் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் பேப்பர் படிக்கும்போது அடுப்படியிலிருந்து வருகிற சத்தம். இத்தனை நாள் அது ஒரு விரல் போடுகிற சத்தம் என்று அவருக்குத் தெரியாது.

"பழசு மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

"பழசு மாதிரி இல்ல. ஆனா உக்காருது."

உப்புத்தாளால் ஓரத்தை மழுக்கினார். "எண்ணெய் ஊறி மரம் இறுக மூணு நாள் வேணும்" என்றார். "இப்பத் தடவினா நாளைக்குக் கையெல்லாம் வழுக்கும். வெறும் மரமாவே எடுத்துட்டுப் போ. சாறு இறங்கும், பரவாயில்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி எண்ணெய் வச்சுக்கலாம்."

"வச்சுக்கலாம் இல்ல, நான் வச்சுக்கிறேன். நீங்க அந்தப் பக்கமே வராதீங்க."

அவள் கத்தியைத் துடைத்துப் பழைய துண்டில் சுற்றினாள். நறுக்கிய கிழங்கு இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. இரண்டு பேருக்கு அது அதிகம். ஒரு கிண்ணம் நிறையத் தையல்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோய்க் கொடுத்த பாலிஷ்காரரிடம், "கத்தி நல்லா வெட்டுதா?" என்று தையல்காரர் கேட்டார். "வெட்டுது" என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் ஆறரைக்குக் கேன்டீனுக்குப் போய் ஏழு மணிக்கு வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். மேற்பார்வையாளர் எட்டேகாலுக்கு வந்தார். மூவர் வெட்டிய வெங்காயத்தையும் தட்டுத் தட்டாகப் பார்த்தார். யார் கையையும் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு, மேசை இவளுக்கு என்று சொல்லிவிட்டு, மற்ற இருவரையும் கழுவுகிற பக்கம் அனுப்பினார். அவள் கத்தியைக் கழுவித் துடைத்தாள். எண்ணெய் இல்லாத பள்ளத்தில் வெங்காயச் சாறு இறங்கி, கட்டைவிரல் அளவுக்கு மரம் கறுத்திருந்தது.