போனுக்குக் கிடைத்த ஹக்

றுஸ்தி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். கதவுவரை போவான், ஜன்னலுக்கு வருவான், மறுபடி கதவு. கட்டாரிலிருந்து காத்தான்குடிக்கு வந்து மூன்று நாள். லீவில் மிச்சம் இருபத்தைந்து. நான்கு வயது மகள் ஹப்ஸா இன்னும் அவனிடம் வரவில்லை.

கைக்குழந்தையாக விட்டுப் போனவள். அவள் அறிந்த வாப்பா, தினமும் ஐந்து மணிக்குக் கோல் எடுத்து உம்மாவின் போனில் வருகிறவர். பேசி முடித்ததும் “ஹக்” என்பார். அவள் போனை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வாள்.

வந்த அன்று வாசலிலேயே முழங்காலிட்டுக் கைகளை விரித்தான். “வாப்பாக்கு ஒரு ஹக் தாங்க மகள்!”

ஹப்ஸா ஓடிப்போய் உம்மாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். விரித்த கைகளை என்ன செய்வதென்று றுஸ்திக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவன் அவளுக்கு ‘மாமா’.

“இஞ்ச பாரு நிஸ்றா.” மனைவியிடம் தன் போனை நீட்டினான். “ஹக் எண்டா கட்டிப்பிடிக்கிறது மட்டுமில்லயாம். வடக்கு ஐரோப்பாவில பழைய காலத்துல ஆறுதல்படுத்துறதுக்கு இருந்த சொல்லுல இருந்து வந்திருக்கலாமாம். சரியாச் சொல்ல ஏலாதாம்.”

“அது எங்க இருந்து வந்தா உங்களுக்கென்ன? முதல்ல ஓரிடத்தில இருங்க. நீங்க நடக்கிறதப் பாத்து எனக்கே தல சுத்துது. புள்ள பயப்பிடாம என்ன செய்யும்?”

இருந்தான். உடனே எழும்பினான்.

முதலிரண்டு நாளும் வீடு நிறைய விருந்தாளிகள். இன்றுதான் ஹப்ஸாவுக்கு ஐந்து மணி நினைவு வந்தது. உம்மாவின் போனை மடியில் வைத்துக் காத்திருந்தாள். ஐந்தேகால்.

“உம்மா, வாப்பா ஏன் கோல் எடுக்கல்ல?”

உதடு பிதுங்கியது. அழுகை வெடித்தது.

நிஸ்றா பதறினாள். “வெளியில போய் ஒரு கோல் எடுங்களே! புள்ள ஏங்கிப்போகும்.”

றுஸ்தி தன் போனில் நிஸ்றாவின் எண்ணை எடுத்தான். ஒரு தட்டு, மகள் சிரித்துவிடுவாள்.

“ஏலா,” என்றான். “எடுத்தா நான் திரும்பக் கட்டாருக்குப் போனமாதிரித்தான்.”

போனை மேசையில் வைத்துவிட்டு, மகளுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தான். கை நீட்டவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டே, அவள் தன்னைத் தேடி அழுவதைக் கேட்க முடியவில்லை. அவன் கண்ணும் வழிந்தது.

பெரிய ஆள் அழுவதை ஹப்ஸா பார்த்ததே இல்லை. விம்மல் பாதியில் நின்றது. நகர்ந்து வந்து, சட்டை நுனியால் அவன் கன்னத்தைத் துடைத்தாள்.

“அழாதீங்க மாமா.” அவன் தோளில் தட்டினாள். “வாப்பா கோல் எடுப்பாரு.”

றுஸ்தி அசையவில்லை. அசைந்தால் அந்தக் கை போய்விடும்.