கப் வாங்கிய கோச்சுகளும் என் வீட்டுக்காரரும்

கால்பந்து உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச்சுகள் பெயரையெல்லாம் என் வீட்டுக்காரர் லாசரஸ் ஜெபமாலை சொல்வதுபோல ஒப்பிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது, என்ன செய்ய. ஃபேரர் பார்க் மைதானத்தில் ஆடும் எங்கள் கிளப் டீமுக்குப் பல வருஷமாகச் சம்பளமில்லாத கோச் அவர். வேலை, வீடு, நான் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எண்பத்திரண்டில் இத்தாலி ஜெயித்த கையோடு, கிளப் கமிட்டி ஒரு வெள்ளைக்காரக் கோச்சைக் கொண்டுவரப் பார்த்தது. இவர் விடுவாரா? கூட்டத்தில் எழுந்து நின்று பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் நடித்துக் காட்டினார்.

“இதுவரைக்கும் கப் வாங்குன கோச் எல்லாருமே அந்தந்த நாட்டு ஆளுங்கதான். வெளி ஆளு ஒருத்தன்கூட வாங்குனதில்லன்னு சொன்னேன், உர்சுலா. வெள்ளைக்காரன் பேச்சையே விட்டுட்டானுங்க.”

அந்தச் சந்தோஷத்தில் தேக்கா சந்தையில் பெரிய தெங்கிரி மீனாக வாங்கி வந்திருந்தார். நானும் முணுமுணுக்காமல் பொரித்துப் போட்டேன்.

அடுத்த வாரம் கமிட்டித் தலைவர் துரைசாமி எங்கள் ஆங் மோ கியோ வீட்டுக்கு வந்தார். வைத்த காப்பியைத் தொடவில்லை.

“நீங்க சொன்னது கரெக்ட் லா, லாசரஸ். நம்ம நாட்டு ஆளே போதும்னு முடிவு பண்ணிட்டோம். பழைய கேப்டன் எட்மண்ட் பாத்துக்கட்டும். உங்களுது நீல ஐசிதானே? நீங்களே சொன்ன பாயிண்ட்...”

ஐசி என்றால் அடையாள அட்டை; அது நீலமாக இருந்தால் இங்கே தங்கலாம், குடியுரிமை இல்லை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்த மனுஷன், தலை நரைத்தும் நீல அட்டைதான். ஒருமுறை குடியுரிமை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கிளப்புக்கு அரையிறுதி. படித்துப் படித்துச் சொன்னேன், மைதானத்துக்குத்தான் போனார். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம். அந்த வருஷம் கிளப் ஜெயித்த கப்பைக் கையில் வாங்கிப் படமெடுத்துக்கொண்டது இதே துரைசாமி.

லாசரஸ் விசிலையும் பந்துப் பையையும் எடுத்துக் கொடுத்தார். துரைசாமி போன பிறகு, ஆறிப்போன அந்தக் காப்பியை எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“எழுபத்து நாலுல மேற்கு ஜெர்மனிக்கு கப் வாங்கிக் கொடுத்தாரே, அவரு பொறந்த ஊரு இப்ப கிழக்கு ஜெர்மனியில இருக்கு. அது வேற நாடாச்சே.”

“அதை அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன?”

“இப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

தலையில் அடித்துக்கொண்டேன். அடித்த கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, யாரும் கூப்பிடாமலே மேட்சுக்குப் போனோம். மரத்தடியில் ஒதுங்கி நின்றோம். பாதி ஆட்டத்துக்குள் எங்கள் பையன்கள் மூன்று கோல் வாங்கிவிட்டார்கள். இடது பக்கம் காலியாகக் கிடந்தது எனக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டது சும்மா போகுமா? வாய் பொறுக்காமல் கத்திவிட்டேன்.

“எட்மண்டு, லெஃப்ட்ல ஆளே இல்லடா!”

ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்மண்ட் காதில் விழாத மாதிரி நின்றான். லாசரஸ் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“சும்மா இரு, உர்சுலா. வெளி ஆளு பேசக் கூடாது.”