வைக்கோல் பாவாடை

நாளெல்லாம் குனிந்து அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே பல் டாக்டரம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாத்தனார் ஒரு ஜிம் விளம்பரத்தோடு வந்தாள்.

"ஆப்பிரிக்க நடனமாம் அண்ணி. உடம்பும் இளைக்கும், கலாச்சாரமும் வரும்."

கலாச்சாரம் என்ன ஜலதோஷமா, தானாக வந்து ஒட்டிக்கொள்ள? டாக்டரம்மா உதட்டைச் சுழித்தாள். ஆனாலும் போனாள்.

சொல்லிக்கொடுத்தவள் செனகல்காரி. ஜிம்முக்குள் நுழைந்ததும் சுவர்க் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடினாள். அவளுடைய அண்ணன் ஒரு கையாலும் ஒரு குச்சியாலும் மேளத்தை வெளுத்து வாங்கினார்.

"உங்களை நீங்களே பாக்காதீங்க. மேளம் பேசும், கால் பதில் சொல்லணும்" என்றாள்.

யார் காலும் பதில் சொல்லவில்லை. வந்த பெண்கள் மூச்சு வாங்கினார்கள். போட்டோ எடுக்கக் கண்ணாடி இல்லையே என்று முணுமுணுத்தார்கள். ஜிம் முதலாளிக்குக் காது கூர்மை. அடுத்த மாதமே செனகல்காரியை அனுப்பிவிட்டு, சும்மா கிடந்த தன் மச்சானை அந்த இடத்தில் நிறுத்தினார்.

மச்சான் செல்போனில் பாட்டைப் போட்டான். கண்ணாடித் துணியை உருவினான். "உங்களுக்குள்ள இருக்கிற காட்டை வெளிய விடுங்க!" என்று கூவினான். எல்லாரும் அசட்டுத்தனமாக ஊளையிட்டார்கள். நாத்தனாரின் ஊளைதான் உரக்கக் கேட்டது.

டாக்டரம்மா கையைத் தூக்கினாள். "இது எந்த ஊரு ஆட்டம், தம்பி?"

"ஆப்பிரிக்கா மேடம்."

"ஆப்பிரிக்கா ஒரு ஊரா? பஸ் எங்க நிக்கும்?"

மச்சான் திருதிருவென்று விழித்தான். பிறகு, ஜிம்மின் ஆண்டு விழாவில் மேடையேறப் போவதாகச் சொல்லி ஒரு மூட்டையை அவிழ்த்தான். வைக்கோல் பாவாடைகள்; கூடவே முகத்தில் பூச வெள்ளைச் சாயம்.

"அந்தம்மா ட்ராக் பேன்ட்ல வந்து ஆடினாங்க. வைக்கோல நீ எங்க பாத்த?"

"கெட்டப்பு வேணும்ல மேடம்!"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே நாத்தனாரின் குரல் வந்தது: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" அது சுருக்கென்று தைத்தது. அவளுக்கு ஆடத் தெரியாது என்பது உண்மைதானே.

ஆண்டு விழா தடபுடலாக நடந்தது. மறுநாள் தொடையெல்லாம் தடிப்போடு நாத்தனார் கிளினிக்குக்கே ஓடி வந்தாள்.

"ஏதாவது களிம்பு குடுங்க அண்ணி, உயிர் போகுது."

"வாயைத் திற. பல்லுல ஏதாவது இருந்தா பாக்கறேன். மத்ததுக்கு உன் மாஸ்டர்கிட்ட போ."

அந்த வாரமே டாக்டரம்மா விசாரித்து விசாரித்து செனகல்காரியைக் கண்டுபிடித்தாள். சைக்கிள் கடைக்கு மேலே, டயர் வாசனை அடிக்கும் ஒரு நீள அறை. ஏழெட்டுப் பேர் வியர்க்க விறுவிறுக்க ஆடிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா வாசலிலேயே நின்று நடந்ததையெல்லாம் கொட்டினாள்: ஊளை, சாயம், மச்சானின் முழி, தான் கேட்ட கேள்வி. தன்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்வாள் என்று உள்ளூர ஓர் எதிர்பார்ப்பு.

செனகல்காரி துண்டால் கழுத்தைத் துடைத்தாள். "எனக்காகவா சண்டை போட்டீங்க?"

"ஆமா."

"நான் கேக்கலையே. அங்க இருந்தப்பவும் உங்க வாய்தான் ஆடுச்சு, கால் ஆடல. முட்டியை மடக்குங்க."

டாக்டரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் செனகல்காரியின் அண்ணன் மேளத்தைத் தட்டிவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முட்டியை மடக்கி, தாளம் போன பிறகு காலைத் தூக்கினாள்.

"லேட்டு!" என்று செனகல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அறையே சேர்ந்து சிரித்தது.

"இன்னொரு தடவை அடிங்க" என்றாள் டாக்டரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.