பாதிப் பள்ளியின் தலைவி

அவளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் மைக். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவள் கூப்பிட்டால், மறுமூலையில் விளையாடுகிறவன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட தொண்டைக்காரி மாணவர் தலைவி தேர்தலில் நின்றால் ஜெயிக்காமல் என்ன செய்வாள்? ஜெயித்தாள். பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்ட அன்று, வழியில் இருந்த கடைக் கண்ணாடி ஒன்றைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். மூன்று வருட ஆசை. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெருகிய வேகத்துக்குக் கட்டடம் பெருகவில்லை. அறுநூறு பேருக்குக் கட்டிய இடத்தில் ஆயிரத்தைந்நூறு பேர். சுற்றிலும் புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டே இருக்க, புது வகுப்பறைகளோ தலையில் கம்பியை நீட்டிக்கொண்டு பாதியில் நின்றன. வேறு வழியில்லாமல் அந்த வருடம் இரண்டு ஷிப்ட் ஆக்கிவிட்டார்கள். காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். ஒரே பெஞ்சைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

மைக்கின் இடம் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். தினமும் காலையில் அவள் மேசைக்குள் பென்சில் சீவல் கிடக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "இது என் இடம். குப்பை போடாதே" என்று சீட்டு எழுதி வைத்தாள். மறுநாள் பதில் இருந்தது: "மத்தியானம் என் இடம்." சீவலும் இரண்டு பங்காகியிருந்தது.

பேட்ஜ் கிடைத்த இரண்டாவது வாரம், விளையாட்டு விழா அறிவிப்பை வகுப்புகளில் ஒட்டுவதற்காக ஷிப்ட் முடிந்த பிறகும் தங்கினாள். தன் வகுப்புக்குள் நுழைந்தால், தன் இடத்தில் ஒல்லியாக ஒருத்தி உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள்.

"நீதானா அந்தச் சீவல்?"

"நீதானா அந்தச் சீட்டு?"

மைக் நெஞ்சை நிமிர்த்தினாள். "நான் மாணவர் தலைவி."

சீவல்காரி பேட்ஜை ஒருமுறை பார்த்தாள். "யாருக்கு?"

"இது என்ன கேள்வி? ஸ்கூலுக்குத்தான்."

"எங்ககிட்ட யாரும் ஓட்டே கேக்கலையே."

உண்மைதான். வழக்கம்போலக் காலை வணக்கக் கூட்டத்தில் பெட்டி வைத்துத் தேர்தலை முடித்துவிட்டார்கள். உச்சி வெயிலில் யார் நிற்பது என்று மத்தியான ஷிப்டுக்கு வணக்கக் கூட்டமே கிடையாது. கூட்டம் இல்லாததால் பெட்டியும் போகவில்லை. பாதிப் பள்ளிக்கூடம் விட்டுப்போனது யாருக்கும் உறைக்கவில்லை, ஜெயித்தவளுக்கும் சேர்த்துத்தான்.

"சரி, தலைவின்னே வச்சுக்குவோம்" என்றாள் சீவல்காரி. "நாங்க வர்றப்போ தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது. அதுக்கு ஏதாவது செய்வியா?"

மைக் கையிலிருந்த அறிவிப்பைச் சுவரில் கோணலாக ஒட்டிவிட்டு வெளியேறினாள். 

வீட்டுக்கு வந்த பிறகும் "யாருக்கு" என்ற அந்த ஒரு சொல் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தையல் மெஷினில் குனிந்திருந்த அம்மாவிடம் தன் முடிவைச் சொன்னபோது, அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"மறுபடி தேர்தல் வைக்கச் சொல்லப் போறியா? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதாண்டி."

"அவங்க கேட்டது நியாயம்தானேம்மா."

"நியாயம்தான். தோத்துட்டு வந்து என் மடியில விழுந்து அழாத."

மறுநாள் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஜெயிச்ச பொண்ணே வந்து திரும்பத் தேர்தல் வைங்கன்னு கேட்டு நான் பாத்ததில்ல. தோத்துட்டா என்ன செய்வ?"

"பேட்ஜைக் கழட்டிக் குடுத்துடறேன் மேடம்."

"அழுவியே."

"அழுவேன். ஆனா குடுத்துடுவேன்."

இன்னும் மூன்று வாரத்தில் இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே தேர்தல் என்று முடிவானது. மத்தியான ஷிப்டிலிருந்து நின்றது யார் என்று கேட்கவே வேண்டாம். சீவல்காரிதான்.

மைக் ஓட்டுக் கேட்கப் போகும் முன் தொட்டியைப் போய்ப் பார்த்தாள். விடியற்காலையில் ஒரு தடவை நிரம்புகிற தொட்டி, ஆறு குழாய்கள். காலை ஷிப்டின் ராஜாக்களும் ராணிகளும் அதில் முகம் கழுவினார்கள், தலையை நனைத்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்தார்கள், குழாயை மூடாமல் ஓடினார்கள். போன மாதம்வரை அவளும் அப்படித்தான் ஓடியிருக்கிறாள். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அன்றுமுதல் ஒவ்வொரு இடைவேளையிலும் தொட்டியடியில் காவலுக்கு நின்றாள். பாட்டிலில் பிடிக்கலாம், குடிக்கலாம். கூத்தடிக்கக் கூடாது. அவள் போட்ட ஒரு அதட்டலுக்கு மாடியில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"குழாயை மூடு!"

காலை ஷிப்டுக்கு எரிச்சல். ஒரே தட்டில் சாப்பிட்ட தோழியே கேட்டுவிட்டாள்: "ஓட்டுப் போட்டது நாங்க. நீ யாருக்குடி தலைவி?"

இந்தப் பக்கமும் அதே கேள்விதானா என்று மைக்குக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. நான்காம் நாள் மத்தியானம் தொட்டியில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் மிஞ்சியது. உள்ளே கையை விட்டுப் பார்த்த சீவல்காரி, நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்காக உனக்கு ஓட்டுப் போட்டுடுவேன்னு நெனைக்காத."

"உன் ஓட்டை நீயே போட்டுக்கோ. உன் கூட்டத்துகிட்டப் பேச விடு, போதும்."

விட்டாள். ஷிப்ட் மாறும் அந்த அரைமணி நேரம், உள்ளே வரும் கூட்டத்துக்கும் வெளியே போகும் கூட்டத்துக்கும் நடுவில், வாசலில் நின்று மைக் தினமும் ஓட்டுக் கேட்டாள்.

ஓட்டுகளை எண்ணி முடித்தார்கள். மத்தியானப் பெட்டியில் அவளுக்கு இருநூறுக்கு மேல் விழுந்திருந்தது. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. காலைப் பெட்டியில் கிட்டத்தட்ட அதே அளவு அவளை விட்டுச் சீவல்காரிக்குப் போயிருந்தது. முகம் கழுவ முடியாத கோபம் அத்தனையும் அங்கே சீட்டாக மடிந்து கிடந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்ததில் பதினேழு ஓட்டில் தோற்றாள். தொட்டிப் பக்கமே போகாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாளோ என்னவோ. அந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்தது.

பேட்ஜின் ஊசி சட்டையில் சிக்கிக்கொண்டது. பிடுங்கியதில் நூல் பிரிந்தது. தானே சீவல்காரியின் சட்டையில் அதைக் குத்திவிட்டாள்.  பிறகு சைக்கிள் நிறுத்துமிடத்தின் பின்னால் போய், சொன்னபடியே அழுதாள். வீட்டில் அம்மா நூல் பிரிந்த இடத்தைத் தைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை இடைவேளை மணி அடித்தது. கூட்டம் தொட்டிக்கு ஓடியது. இனி யார் கேட்பது என்ற தெம்பில் ஆறு குழாய்களும் திறந்துகொண்டன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக் வந்து, வழக்கமான இடத்தில் நின்றாள்.

தலையை முழுசாக நனைத்திருந்த ஒரு ஆறாம் வகுப்பு வாண்டு அவள் சட்டையைப் பார்த்தது. பேட்ஜ் இருந்த இடத்தில் தையல் மட்டும் இருந்தது.

"அக்கா, நீங்கதான் தோத்துட்டீங்களே?"

"நான் தோத்தா தொட்டி ரொம்பிடுமாடி? மூடு குழாயை!"

வாண்டு மூடியது. அடுத்த குழாயும் மூடியது. மாடி ஜன்னலில் ஆசிரியர் தலை தெரிந்து, மறைந்தது.