இடது பக்கம்

காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மாக்கஸ் வாசல் வாங்குப் பலகையில் இருந்து சப்பாத்துக் கட்டினார். கயிற்றை அடிப்பாகத்தால் ஒரு சுற்றுச் சுற்றித்தான் முடிவார். கால்பந்தாடிய காலத்துப் பழக்கம்.

"பிறம்ரனுக்குப் போறன். றொய் கதவைத் திறக்காட்டி ரோட்டில நிண்டு கூப்பிடுவன்" என்றார். மற்றச் சப்பாத்துக்குக் குனிந்தவர் நிமிரவில்லை.

றொய் அவருடைய தம்பி; ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில் இருக்கிறார். இருவரும் தென்னாபிரிக்காவில், டேர்பனில் பிறந்த தமிழர். மாக்கஸ் என்னைக் கட்டிய பிறகு என் இலங்கை மன்னார்ப் பேச்சைப் பழகியவர். அவர்கள் அங்கே பந்தாடிய காலத்தில், வெள்ளையர் மட்டுமே ஆடிய அந்த நாட்டுத் தேசிய அணியை உலகம் விலக்கி வைத்திருந்தது. அரசு இனத்துக்கொரு அணி அமைத்து, அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டது. சகோதரர்களின் கழகம் இனம் பார்க்காத கழகம். அந்த ஆட்டங்களுக்குப் போகிறவன் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று எல்லோரும் கைதூக்கி முடிவெடுத்திருந்தார்கள். சரளைக் கல்லிலேயே ஆடி வளர்ந்த மாக்கஸ், ஒரே ஒரு நாள் 'இந்தியர் அணி'க்கு ஆடினார்.

"புல்லில ஒருக்கா ஓட ஆசைப்பட்டிட்டன்" என்பார்.

இருவரும் கனடாவுக்கு வந்த பிறகும் றொய் அந்த முடிவை விடவில்லை; எங்கள் படியை மிதித்ததேயில்லை.

மாக்கஸின் சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் எங்கள் கோயிலாட்கள். ஆறாவது ஆளாக றொய்யை அழைத்து நேரத்தைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

பத்தரைக்கு எடுக்க வேண்டும். இறுதிச்சடங்கு மண்டபத்துக்காரர் இரண்டு தரம் மணி பார்த்தார். பக்கத்து வீட்டு நிசாந்தன் எழும்பினான். "அன்ரி, நான் பிடிக்கிறன்."

"இரு தம்பி."

வெளியே றொய்யின் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

"இது எங்கட வீடில்லை, றொய். இதுக்கு வரலாம்."

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"அண்ணி, பெட்டிக்கு இடது பக்கம், பின்னாலே யாரு?" டேர்பன் தமிழில் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"அவன் லெஃப்ட் விங். பின்னாலே எப்பவும் நான்தான். பந்து போனா ஒரு நாளும் திரும்பி வரமாட்டான், சோம்பேறி. நான்தான் ஓடணும்."

எஞ்சினை நிறுத்தினார்.

இப்போது சனிக்கிழமைகளில் பிறம்ரனிலிருந்து வந்து எங்கள் முன்பக்கத்துப் புல்லை வெட்டுகிறார். தேத்தண்ணியை நான் வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். புல்லில் நின்றே குடிக்கிறார். படியில் இன்னும் கால் வைக்கவில்லை.