மூடிக்குள் ஒரு கோடு

முற்றத்தில் சுந்தரம் டாக்ஸியின் கைப்பிடியை மறுபடியும் வேகமாகச் சுழற்றினான். இம்முறை எஞ்சின் பற்றிக்கொண்டது. சற்று நேரம் சீராக ஓடிற்று; பிறகு ஒரு துடிப்பை விழுங்கிற்று; மீண்டும் ஓடி, மீண்டும் விழுங்கிற்று. கட்டிலருகே அமர்ந்து கணவனின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்த கமலவேணியின் கை, அந்த விழுங்கல் வரும்போதெல்லாம் நின்று நின்று நகர்ந்தது.

சுப்பையன் கண்களைத் திறவாமலே, "மிஸ் அடிக்குது" என்றான்.

"பேசாதீங்க. தம்பி பாத்துக்கிட்டிருக்கான். சரியானதும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"அங்க என்ன இருக்கு? கொய்னா மாத்திரை ஜப்பான்காரனுக்கே பத்தல."

காஜா பேராங் வட்டாரத்தில் டாக்ஸி ஓட்டிப் பிழைத்த உடம்பு, மலேரியாவில் பாயோடு பாயாகிக் கிடந்தது. வண்டியின் கோளாறு எங்கே இருக்கிறதென்பது தனக்கு ஒருத்திக்கு மட்டுமே தெரியுமென்று கமலவேணி எண்ணியிருந்தாள். அதைச் செய்தவளே அவள்தான்.

சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. வண்டி வைத்திருப்பவர்களை வண்டியோடு சேர்த்தே கொண்டுபோனார்கள். பக்கத்துக் கிளேபாங்கில் டாக்ஸி ஓட்டிய ஒருவர் அப்படிப் போய்த் திரும்பவேயில்லை. அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை, கணவன் குளிக்கப் போயிருந்த வேளையில், எஞ்சினில் நெருப்புப் பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் கறுப்பு மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தில் இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே பென்சிலால் மெல்லிய கோடொன்றை இழுத்துவிட்டாள். கரியின் வழியே பொறி தடம் மாறி ஓடும். ஈரக்காற்றில் அடிக்கடி, வெயில் ஏறினால் எப்போதாவது. தோட்டத்து டிரைவர் ஒருவன் துரையை இப்படி ஏய்த்த கதையைக் கலியாணமான புதிதில் அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன் சுப்பையனே.

வண்டியைப் பார்க்க வந்த ஜப்பானிய அதிகாரி தெருமுனை வரையில் ஓட்டிப்போனான். வண்டி குலுங்கி நின்றது. நடந்தே திரும்பி வந்தவன், தெருவே பார்க்கச் சுப்பையனைக் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனான். சிவந்த கன்னத்தோடு உள்ளே வந்த சுப்பையன், "வேணாமாம்" என்று மட்டும் சொல்லித் தண்ணீர் கேட்டான். செம்பை நீட்டும்போதே சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு, அந்தி சாய்ந்தாலும் அவன் வண்டியடியிலேயே கிடந்தான். எந்தக் கம்பி எந்தச் சிலிண்டருக்கு என்று குறித்துக்கொள்ளத் தச்சர்கள் வைத்திருப்பதைப் போன்ற தட்டைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினான்.

"என்னப்பா சுப்பையா, வண்டி இன்னும் இருமுதா? சுக்குக் கஷாயம் ஊத்திப் பாரேன்லா!" என்று எதிர்க்கடையிலிருந்து யூசுப் நானா சீண்டுவார்.

"பெட்ரோலுக்குப் பதிலா ரப்பர் எண்ணெயக் குடிச்சா நீங்களும் இருமுவீங்க நானா."

அவன் கை அந்தக் கறுப்பு மூடியின் பக்கம் மட்டும் போகவேயில்லை. அது தன் நல்லகாலமென்று கமலவேணி நினைத்தாள். பின்னர்க் காய்ச்சல் கண்டது. அந்திக் கொசுக்கடியில் அவனைக் கிடத்தியது தன் கோடுதான் என்ற நினைப்பு அவளை விடவில்லை. சொல்லிவிட வேண்டும், அவன் காது கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சுந்தரம் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றான். "அக்கா, பிளக் எல்லாம் பாத்துட்டேன். எண்ணெய்தான் மோசம்போல. இந்தக் குலுக்கல அத்தான் தாங்குவாரா?"

"அந்தக் கறுப்பு மூடியத் தொறந்து, உள்ள துணியால தொடைச்சுப் பாரேன்."

"நீ எப்ப மெக்கானிக் ஆன?" என்று சிரித்துக்கொண்டே அவன் திரும்பினான்.

"சுந்தரம்!" இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அதத் தொடாத. மத்தது எது வேணாலும் பாரு."

"சரி அத்தான், தொடல. இப்படியே மெதுவா ஓட்டிக்கிட்டுப் போறேன். நானாவக் கூட்டியாறேன், தூக்கிப் படுக்கவைக்கலாம்."

எஞ்சினை ஓடவிட்டபடியே அவன் தெருவைக் கடந்து போனான். கமலவேணி கணவனின் முகத்தருகே குனிந்தாள்.

"ஒண்ணு சொல்லணுங்க. கோவிச்சுக்காதீங்க. அந்த வண்டி..."

"கமலம்."

"சொல்லுங்க."

"சுந்தரத்துக்கும் வண்டி ஓட்டத் தெரியும்."

"தெரியுமே. அதுக்கென்ன இப்ப?"

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். முற்றத்தில் எஞ்சின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. யூசுப் நானா உள்ளே வந்து, சுப்பையனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கையை மெல்லக் கீழே வைத்தார். பிறகு வெளியே போய் எஞ்சினை நிறுத்தினார்.

மறுநாள் உச்சிக்கு முன்னரே எடுத்துவிட்டார்கள். கோடித்துணி எங்கும் கிடைக்கவில்லை. நானா கொடுத்த வெள்ளைத் துணியில்தான் சுப்பையன் போனான். ஆண்கள் சுடுகாட்டிற்குப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்ட அண்டைவீட்டுப் பெண்கள் குளிக்கப் போனார்கள். ஈரத் தரையில் தனியே நின்ற கமலவேணிக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. முற்றத்தில் இறங்கினாள்.

இனி யாரைக் காப்பதற்கு அந்தக் கோடு? அதைத் துடைத்துவிட எண்ணி, முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கொக்கிகளை விலக்கி மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள்.

அவள் இழுத்த கோடு மெலிந்து, கோணலாய், பாதி அழிந்திருந்தது. அதன்மேல் இன்னொரு கோடு இருந்தது. நேரான, அழுத்தமான, தட்டைப் பென்சிலின் அகலமுள்ள கோடு. ஒரே தடவையில் இழுத்ததன்று. அழிய அழியப் பலமுறை இழுத்தது.

வண்டியின் கால்மிதிப் பலகையில் அவள் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவனின் அந்தச் சிவந்த கன்னம் நினைவுக்கு வந்தது. முந்தானை கையிலேயே இருந்தது.

ஈரத்தலையோடு சுந்தரம் திரும்பி வந்தான். "இங்க என்னக்கா பண்ற?" அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு வண்டியப் பாக்க மறுபடி வர்றானுங்களாம், நானா சொன்னாரு. நல்லா ஓடுச்சுன்னா ஓட்ட ஆள் கேப்பானுங்க." அவள் மடியிலிருந்த மூடியை அப்போதுதான் கண்டான். "அட, இதத்தான சொன்ன? தொடைச்சுரட்டுமா?"

"வேணாம்."

மூடியைத் தானே பொருத்தி, இரண்டு கொக்கிகளையும் மாட்டினாள்.

"போட்டுப் பாரு."

சுந்தரம் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் பற்றிக்கொண்டது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. வண்டி சீராக ஓடிற்று, சீராகவே ஓடிக்கொண்டிருந்தது. கமலவேணி சூடேறிய தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு, ஒரு துடிப்பை விழுங்கிற்று.