தளபதி ஏன் கதவைத் திறந்தான்

ஈப்போவில் அய்மனுடைய அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு மத்தியானங்களில் நான்கு பேர் கதை விளையாட்டு ஆடக் கூடுவார்கள். அய்மன் கதை சொல்வான். மற்ற மூவருக்கும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். துளசி மந்திரக்காரி, ஹஃபீஸா திருடி, தினேஸ்வரி வாள்வீராங்கனை. வெட்டு விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். வாரமெல்லாம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றே கால் வீங்கும் தினேஸ்வரிக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கதையில் மாறவேள் என்று ஒரு தளபதி. தான் காவல் காத்த கோட்டையின் கதவைத் தானே திறந்து எதிரிகளை உள்ளே விட்டவன். ஊரே வெந்து சாம்பலானது. ஏன் திறந்தான் என்று அய்மன் சொல்லவே இல்லை. மூவரும் மீ கோரெங் நூடுல்ஸை ஆறவிட்டு அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பதவி ஆசதான். வேற என்ன?” என்றாள் துளசி.

“இல்லலா. அவன் மகள எதிரி புடிச்சு வச்சிருக்கான். வேற வழியில்லாம தொறந்திருக்கான், பாவம்,” என்றாள் ஹஃபீஸா.

“ரெண்டும் இல்லன்னா? சும்மா தொறந்திருந்தா?” தினேஸ்வரி கேட்டாள்.

“சும்மா எவனாச்சும் தொறப்பானா அக்கா?” என்றாள் துளசி.

தினேஸ்வரிக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அவள் தம்பி சுரேனை இரும்புக் குழாயால் மண்டையில் அடித்தவன் பத்துமலை. இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி எல்லோரும் டவுனுக்கு வந்த பிறகும் பிரியாதவர்கள். சுரேன் இப்போது பேச்சில்லாமல் படுக்கையில் கிடக்கிறான். பத்துமலை கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். காரணம் மட்டும் சொல்லவில்லை.

தினேஸ்வரி அந்த வாரம் லீவு போட்டுத் தாப்பா சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துமலை இளைத்துப்போயிருந்தான்.

“ஏன்டா அடிச்ச? அவன் உன்னய என்ன செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யலக்கா. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். சிரிச்சுப் பேசிக்கிட்டுதான் வந்தோம். பைப்பு கெடந்துச்சு, எடுத்தேன்.” குனிந்துகொண்டான். “நீங்க என்ன நெனைக்கிறீங்களோ அதையே வச்சுக்குங்க. நான் இல்லன்னு சொல்லமாட்டேன்.”

அடுத்த ஞாயிறு மாறவேள் பிடிபட்டான். அய்மன் குரலைத் தாழ்த்தித் தளபதியாகப் பேசினான்: மகளை எதிரி பிடித்து வைத்திருந்தானாம். ஹஃபீஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துளசிகூட “விட்டுருவோம்லா” என்றாள்.

படியிறங்கும்போது தினேஸ்வரி அய்மனை நிறுத்தினாள். “முன்னாடியே இத யோசிச்சு வச்சிருந்தியா?”

“இல்லக்கா. எதிரி உள்ள வரணும், கதவு தொறக்கணும், அவ்ளோதான் இருந்துச்சு. ஹஃபீஸா சொன்னது நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.”

பஸ்ஸில் அவளுக்கு அதே நினைவு. ஒரு காரணம் கிடைத்ததும் அந்த இரண்டு பேரின் முகமும் எப்படித் தெளிந்துபோனது!

வீட்டில், காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் அம்மா வீரம்மா குழாய் வழியே சுரேனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் சிறைக்குப் போய் வந்த நாளிலிருந்து கேட்பதையே இன்றும் கேட்டாள். “அந்தப் பய என்னடி சொன்னான்?”

“பொறாமையாம், அம்மா. தம்பிக்குச் சிங்கப்பூர் வேல கெடச்சது அவனுக்குப் பொறுக்கல.”

வீரம்மாவின் கை அப்படியே நின்றது.

“அத அவன்கிட்ட நாந்தான்டி சொன்னேன்,” என்றாள். “காலையில நாசி லெமாக் வாங்க வந்தான். சுரேன் இன்னும் யார்கிட்டயும் சொல்லாதம்மான்னான். நாந்தான் பெருமைக்குச் சொன்னேன். அன்னிக்குத்தானே அடிச்சான்!”

தினேஸ்வரி பதறி அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, நானாச் சொன்னதும்மா. அவன் ஒண்ணுமே சொல்லல. அவனுக்கே தெரியலயாம்.”

“என்னயத் தேத்தாதடி.”

தினேஸ்வரி சத்தியம் செய்தாள், அழுதாள், பத்துமலை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். சும்மா ஒருத்தன் அடிப்பானா என்று கேட்டுவிட்டு வீரம்மா மகனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுரேன் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தான்.

மறுநாள் முதல் வீரம்மா நாசி லெமாக் கடை போடவில்லை. தினேஸ்வரி இன்னமும் மறுத்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். வீரம்மா தலையை ஆட்டுவாள், நம்புவதில்லை.